கட்டிலருகே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனது ஊர் களுவாஞ்சிக்குடி, வயது 24. நான்கு மாதங்களாக ஒரு வைத்தியசாலையின் புற்றுநோய் விடுதியில் நோயாளருக்குத் துணையாக இருக்கும் பணியில் சேர்ந்திருக்கிறேன். நான் தாதியும் இல்லை, சிற்றூழியரும் இல்லை. போன வாரம் ஓர் ஐயா என் கையைப் பிடித்து, "மகள், எனக்கு என்ன வருத்தம்? நீயாவது சொல்லு" என்று கேட்டார். "வயிற்றில் ஆறாத புண்" என்று வீட்டார் அவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னார்கள். "டொக்டரிடம் கேளுங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதேன். இந்த வேலை எனக்குச் சரிவருமா?

பதில்: தங்கச்சி, அழுததற்காக வெட்கப்பட வேண்டாம். 11 வருடங்கள் இதே வேலை செய்தவள் நான். முதல் வருடத்தில் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் நின்று அழாத நாட்கள் குறைவு.

அந்த ஐயா ஏன் உங்கள் கையைப் பிடித்தார் என்று யோசித்துப் பாருங்கள். சுற்றுக்கு வரும் வைத்தியர் ஒரு கட்டிலருகே சில நிமிடங்கள்தான் நிற்க முடியும். தாதிமார் ஊசி மருந்தோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டார் வாயைக் கட்டிக்கொண்டார்கள். கட்டிலோடு கட்டிலாக இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அவருக்குத் தெரியாது என்று வீட்டார் நம்புவது அவர்களுடைய ஆறுதலுக்காக. தலைமுடி முழுவதும் கொட்டிப்போன பக்கத்துக் கட்டில்காரரை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்குத் தனக்கு என்ன என்று ஊகிக்க முடியாதா? அவர் கேட்டது நோயின் பெயரை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தன்னோடு பொய்யில்லாமல் பேச யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறார்.

தம்பிலுவில் பக்கத்து அம்மா ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. அவருக்கும் "புண்" என்றுதான் சொல்லியிருந்தார்கள். சித்திரை முடியும் காலம். "வைகாசிச் சடங்குக்கு நான் ஊரில் நிற்பேனா மகள்? குளிர்த்தி பார்க்க வேண்டும்" என்று கேட்டார். கண்ணகி அம்மன் சடங்கை நிறைவு செய்யும் கிரியைதான் குளிர்த்தி. பிள்ளைகள், "முதலில் சுகமாகுங்கள் அம்மா, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த வருடம் இல்லை என்பது அந்தக் கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரியும். அப்போது அவரால் கைத்தாங்கலாக நடக்க முடிந்தது. வைத்தியரிடம் கேட்டிருந்தால் வீட்டுக்குப் போய்வர இரண்டு நாள் அனுமதித் துண்டு எழுதிக் கொடுத்திருப்பார். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. குளிர்த்தி நடந்த இரவு, கண்ணகி அம்மன் கோயில் இருக்கும் திசை எது என்று என்னிடம் கேட்டு, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டார். அவரது கால்மாட்டில் நான் பேசாமல் நின்றேன். அன்றைக்கு எடுத்த முடிவுதான்: நோயாளியிடம் நான் பொய் சொல்ல மாட்டேன், பொய்க்குத் துணையும் போக மாட்டேன்.

அதற்காக, நீங்களே போய் "ஐயா, உங்களுக்குப் புற்றுநோய்" என்று சொல்லிவிட வேண்டாம். அது உங்கள் வேலையல்ல. பயொப்சி (சதைத் துண்டெடுத்துச் செய்யும் பரிசோதனை) முடிவும் ஸ்கானும் வைத்தியரின் கையில் இருக்கின்றன. அடுத்து என்ன சிகிச்சை என்பதும் அவருக்குத்தான் தெரியும். அரைகுறையாகச் சொல்வது மறைப்பதைவிடக் கெடுதல். மறுபடி அவர் கேட்டால் ஓடிவிடாதீர்கள். கதிரையை இழுத்துப்போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு பேசினால் போகப்போகிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். "டொக்டர் உங்களிடம் என்ன சொன்னார் ஐயா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தில் அவர் சொல்வதைக் கேளுங்கள். எல்லாம் தெரிந்துகொள்ள அவர் விரும்பினால், "டொக்டரிடம் நான் சொல்கிறேன், அவர் பேசும்போது உங்கள் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்லி, அன்றைக்கே விடுதிப் பொறுப்புத் தாதியிடம் தெரிவித்துவிடுங்கள். சிலர் தெரிந்துகொள்ள விரும்ப மாட்டார்கள். "மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்" என்பார்கள். அதுவும் அவர்களது உரிமை.

வீட்டாரோடு சண்டை பிடிக்காதீர்கள். அன்பினால்தான் மறைக்கிறார்கள். நான் அவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: "காணி உறுதியைப் பற்றி, பிள்ளையின் கலியாணத்தைப் பற்றி, கோயில் நேர்த்தியைப் பற்றி அப்பா ஏதாவது சொல்ல நினைத்தால், எப்போது சொல்வார்?" பலர் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

நான்கு மாதங்களில் நீங்கள் பழகியிருப்பீர்கள். ஆனாலும் சில விடயங்களைச் சொல்லிவைக்கிறேன். கையில் ஒரு சின்னக் கொப்பி வைத்திருங்கள். இரவில் நோயாளி கேட்கும் கேள்விகளை அவர் சொன்னபடியே எழுதி, காலைச் சுற்றின்போது நினைவூட்டுங்கள். வைத்தியரைக் கண்டவுடன் எங்கள் ஆட்களுக்கு நா எழாது. "ஒன்றுமில்லை சேர், சுகம்" என்று சொல்லிவிட்டு, அவர் போனபின் வலியில் முனகுவார்கள்.

மருந்தேற்றி வீட்டுக்கு அனுப்பும்போது காய்ச்சலைப் பற்றி ஒரு முறைக்கு மூன்று முறை சொல்லுங்கள். கீமோ என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றி ஒன்று, இரண்டு வாரங்களில் இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்துவிடும். அந்த நாட்களில் உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. பனடோல் கொடுத்துப் போர்த்திப் படுக்கவைக்கவும் கூடாது. உடனே வைத்தியசாலைக்கு வர வேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வெப்பமானி இல்லாத வீடு என்றால் எங்கே வாங்கலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

மற்றது பயணம். கதிர்ச்சிகிச்சை என்றால் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், பல வாரங்களுக்கு. மேசையில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். ஆனால் பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். விடியப்புறம் பஸ் ஏறி, வாந்தியோடு திரும்பிப் போகிறவர் இரண்டாவது வாரத்தில் வராமல் விட்டுவிடுவார். "ஏன் வரவில்லை?" என்று ஏசுவதற்கு முன்னால், தங்க இடம் இருக்கிறதா, பஸ் காசு இருக்கிறதா என்று கேளுங்கள். பிரதேச செயலகத்தில் நோயாளர் உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்க என்னென்ன கடிதம் வேண்டும் என்று விசாரித்து வைத்திருங்கள். நான் இந்த வேலையில் செய்த நல்ல காரியங்களில் பாதி இப்படிப்பட்ட விசாரிப்புகள்தான்.

விடுதியில் கேட்டதை வெளியே கொண்டுபோகாதீர்கள். எங்கள் பகுதியில் யாரும் யாருக்கும் அந்நியரில்லை. கல்லடிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பஸ்ஸில் ஒருவர், "எங்கட மாமி உங்கட வாட்டிலதானே, என்னவாம்?" என்று கேட்பார். "அவங்களிடமே கேளுங்கோ" என்று சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

வேலை சரிவருமா என்று கேட்டீர்கள். திரும்பிப் போய் அந்த ஐயாவின் பக்கத்தில் உட்கார முடிந்தால் சரிவரும். நித்திரையும் சாப்பாடும் போய், வீட்டாரோடு பேசவும் முடியாத நிலை வந்தால் உங்கள் பொறுப்பதிகாரியிடம் சொல்லுங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கேள்வி: அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். வாப்பாவுக்கு வாயில் புற்றுநோய். கதிர்ச்சிகிச்சை நடக்கிறது. கதிர் உடம்பிலிருந்து பேரப்பிள்ளைகளுக்குத் தொற்றும் என்று சொல்லி அவருக்குத் தனிப் பீங்கான், தனி அறை கொடுத்திருக்கிறோம். இப்போது வலிக்கு மோர்பின் எழுதியிருக்கிறார்கள். அது கடைசிக் கட்டத்து மருந்து என்கிறார்களே?

பதில்: தம்பி, பேரப்பிள்ளைகளை இன்றைக்கே வாப்பாவிடம் அனுப்புங்கள். இயந்திரத்தினால் வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. புற்றுநோயும் தொற்றாது. காய்ச்சல், தடிமன் உள்ள பிள்ளையை மட்டும் தள்ளிவைக்கலாம். அது வாப்பாவின் பாதுகாப்புக்காக.

மோர்பின் வலிக்குரிய மருந்து. வலி கூடும்போது எந்தக் கட்டத்திலும் கொடுப்பார்கள். பலர் அதைக் குடித்துக்கொண்டே எழுந்து நடக்கிறார்கள், தொழுகிறார்கள். வலி வந்தபின் கொடுக்கலாம் என்று காத்திருக்காமல், எழுதிய நேரத்துக்கு எழுதிய அளவைக் கொடுங்கள். கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். அதற்கான மருந்தையும் கூடவே தந்தார்களா என்று பாருங்கள், தராவிட்டால் கேளுங்கள். விழிக்கவைக்க முடியாத தூக்கம், மூச்சு மிக மெதுவாதல் என்றால் உடனே வைத்தியசாலைக்கு.

வாயைப் பற்றி ஒரு வார்த்தை. வாய்ப்புண் நோயாளருக்கு நான் அதிகம் செய்த வேலை வாய் துடைப்பது. நாவில் பாலாடை போல ஒன்று படிந்திருக்கும். உதடு வெடித்து, பேச வாயெடுத்தாலே இரத்தம் கசியும். இளஞ்சூட்டு நீரில் சிறிது உப்பும் அப்பச்சோடாவும் கரைத்து, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் கொப்பளிக்கக் கொடுங்கள். மிக மென்மையான பல் தூரிகை போதும். ஒரு கடற்றொழிலாளி ஐயாவுக்கு நாவின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அவர் கொப்பியில் எழுதித்தான் பேசுவார். முதல் தடவை நான் வாய் துடைத்து முடித்ததும் அவர் எழுதியது: "மணக்குதா?" மணந்தது. "கொஞ்சம் மணக்குது அப்பா, நாளைக்குக் குறையும்" என்றேன். அன்றிலிருந்து என்னிடம் மட்டும் வாயைத் திறந்து காட்டினார். வாப்பா சாப்பாட்டு நேரத்தில் உங்களோடு உட்கார மறுத்தால், காரணம் இதுவாகவும் இருக்கலாம். நீங்களே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

உங்கள் வீட்டில் வேறு யார் வெற்றிலை போடுகிறார்கள்? இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாயில்தான் வருகிறது. புகையிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும். புகையிலை இல்லாமல் போட்டால் பாதகமில்லை என்று வயல் வரம்பிலும் தோணியிலும் சொல்லிக்கொள்கிறார்கள், அது பிழை. இரண்டு, மூன்று வாரங்களில் ஆறாத புண், வெள்ளைப் படலம், வாய் முன்போல் விரியாமை, இவற்றில் எது இருந்தாலும் அரச வைத்தியசாலைப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். உம்மாமாரும் காட்ட வேண்டும்.

கேள்வி: நோயாளியைப் பார்க்கப் போகும்போது என்ன கொண்டுபோகலாம்? (ஏறாவூர் வாசகி)

பதில்: முதலில் அவரது துணையாளிடம் தொலைபேசியில் கேளுங்கள். வெள்ளணு குறைந்த நாட்களில் பூங்கொத்தும் வெட்டிய பழமும் வேண்டாம். "எப்படி வந்தது? வெற்றிலையா, சிகரெட்டா?" என்று கட்டிலருகே விசாரிக்காதீர்கள். அதே நோயில் இறந்துபோனவரின் கதையும் வேண்டாம். என்னைக் கேட்டால், வீட்டில் துவைத்து வெயிலில் காயவைத்த பழைய தலையணை உறை இரண்டு கொண்டுபோங்கள். கீமோவுக்குப் பிறகு கொட்டும் முடி உறை முழுவதும் ஒட்டிக்கொள்ளும். காலையில் எழுந்து அதைப் பார்ப்பது பெண்களுக்குப் பெரிய வேதனை. அவர் முகம் கழுவப் போன நேரத்தில் மாற்றிவிடுங்கள்.