கீரி, நாய் தொல்லை உள்ள இடத்தில், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் நாலு நாட்டுக்கோழி வளர்க்கலாமா?

பெருந்துறைப் பக்கம் தோட்டத்தை ஒட்டிய வீடு, கணவன் மனைவி இருவருக்கும் வேலை, கீரியும் தெருநாயும் நடமாடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். காங்கேயம் பக்கம் ஆறு வருடமாகக் கோழி வைத்திருக்கிறேன். வளர்க்கலாம்ங்க. ஆனால் கீரியை விட முக்கியமாக நான் கேட்பது ஒன்றுதான்: பொழுது இறங்கும் நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்?

மூன்று வருடத்துக்கு முன் வெள்ளகோவிலில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சாயங்காலமே திரும்பிவிடலாம் என்று போனோம், வீடு வந்து சேர மணி ஒன்பதரை. கோழிகள் வழக்கம்போல இருட்டும் முன் தானாகவே கொடாப்புக்குள் (கோழிக் கூண்டு) போய் அடைந்திருக்கின்றன. சாத்தத்தான் ஆள் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் வாசல் வரை இறகு. மூன்று வெடைகள் (இளம் பெட்டைக்கோழிகள்) அங்கேயே கிடந்தன, கழுத்தில் மட்டும் கடி, கறியில் வாய் வைக்கவே இல்லை. இரண்டைக் காணோம். சேவல் மட்டும் வேப்பமரத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு விடிந்தும் இறங்க மாட்டேன் என்றது.

நான் கீரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) கேட்டார்: "ராத்திரில கீரி வருமா சாமி? கதவச் சாத்தாம போனது நீங்க, அது மேல எதுக்குப் பழி போடறீங்க?"

அவர் சொன்னது சரி. கீரி பகலில் வேட்டையாடுவது. இரவில் வருவது வெருகும் (காட்டுப்பூனை) மரநாயும். தெருநாய்க்கு நேரம் காலமே கிடையாது. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் இரவுக்கும் பகலுக்கும் காவல் வேறு வேறு. (கீரிக்கு விஷம் வைக்கலாம், பொறி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது வருகிறது, வழக்காகும்.)

கூண்டுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கடையில் கோழி வலை என்று விற்கும் அறுகோணக் கண் வலையை நாய் பல்லால் இழுத்தே கிழித்துவிடும். அரை இஞ்ச் வெல்டு மெஷ் போடுங்கள், முட்டைக்கு வரும் பாம்பும் பெரும்பாலும் அதில் நுழையாது. அடியில் இரண்டு வரிசை ஹாலோ பிளாக், தரைக்குச் சிமெண்ட், சுற்றிலும் ஓர் அடி அகலத்துக்குக் கல் பாவினால் மண்ணைத் தோண்டிக்கொண்டு எதுவும் உள்ளே வர முடியாது. கொண்டியை நாய் மூக்கால் தூக்கிவிடும், அதனால் ஊக்குப் போட்ட தாழ்ப்பாள் வேண்டும்.

நீங்கள் வேலைக்குப் போகும் பகலில் கோழிகள் மேலேயும் வலை போட்ட அடைப்புக்குள்ளேயே இருக்கட்டும். ஐந்தரைக்கு வந்து திறந்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு டீ குடியுங்கள். ஒரு மணி நேரம் மேய்ந்தால் போதும், இருட்டினால் தானே உள்ளே போய்விடும்.

குஞ்சு எடுத்தால் கதை வேறு. அடையில் 21 நாள், பொரித்த பிறகு குறைந்தது ஒரு மாதம் பருந்தும் காக்காயும்தான் வில்லன். வானத்தில் நிழல் தெரிந்ததும் தாய் கெர்ரென்று ஒரு சத்தம் கொடுக்கும், அத்தனை குஞ்சும் இறக்கைக்குள் புகுந்துவிடும். பார்க்க அழகுதான், ஆனால் அதை நம்பி வெளியே விட்டு நான் ஒரே வாரத்தில் நாலு குஞ்சு இழந்தேன். முதல் வருடம் அடை வைக்காமல் இருப்பதே நல்லது. முட்டைக்கு மட்டும் என்றால் சேவலே தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் விடிகாலை நாலு மணிக்கு எழ வேண்டியதில்லை.

இன்னொன்று, முட்டைக் கணக்குப் போட்டுக் கோழி வாங்காதீர்கள். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். தினம் முட்டை வேண்டுமென்றால் நாமக்கல் முட்டை கடையில் கிடைக்கிறது.

உண்மையில் கீரியை விட நான் பயப்படுவது வெள்ளைக் கழிச்சல் என்ற கோழி நோய்க்கு. கீரி வந்தால் ஒன்றிரண்டு போகும், கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டே காலி. அதற்குத் தடுப்பு, குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா என்ற சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியாகக் கட்டி வையுங்கள்.

ஊருக்குப் போனால்? தண்ணீரும் கம்பும் வைத்து, பூட்டிய அடைப்பில் ஒரு நாள் விடலாம். அதற்கு மேல் ஆள் வேண்டும், சித்திரை வெயிலில் அந்த ஒரு நாளும் வேண்டாம். குலதெய்வம் கோயிலுக்குப் போகிற அன்றெல்லாம் எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்து அக்காதான் வந்து கதவு சாத்துகிறார். கூலி, வாரம் நாலு முட்டை. கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்ட மாதத்தில் கடை முட்டை கொடுத்துப் பார்த்தோம். "இது வேண்டாங்கண்ணு, உங்க கோழி எந்திரிச்சதும் சேத்து வாங்கிக்கறேன்" என்று கணக்கு வைத்திருக்கிறார்.