பாலாற்றில் கோழிக்கழிவு கொட்டினால் என்ன தண்டனை?

"தண்ணியே இல்லாத பாலாற்றில் கொட்டினால் என்ன குற்றம்?" என்று கேட்டிருந்தீர்கள். வேலூரில் பலர் சொல்லும் சமாதானம்தான் இது. ஆனால் 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இதற்கு இடமே தரவில்லை. ஓடை, ஆறு என்றால் ஓடுவது மட்டுமல்ல, தற்காலிகமாக வறண்டு கிடப்பதும் சேர்த்தி. அதன் 24ஆம் பிரிவு அங்கே மாசுப்பொருள் போடுவதைத் தடுக்கிறது. நம் ஆற்றைப் பார்த்தே எழுதினார்களோ என்று தோன்றும்!

தெருவிலோ காலி மனையிலோ கொட்டினால் மாநகராட்சி அதன் துணைவிதிப்படி அபராதம் போடலாம். பொதுத் தொல்லை என்று வழக்குப் போட்டால், பாரதிய நியாய சன்ஹிதா (குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டம்) 292ஆம் பிரிவில் அபராதம் 1,000 ரூபாய் வரைதான். லோடு லோடாகக் கொட்டுகிறவருக்கு அது டீசல் காசு. பொது ஊற்று, நீர்த்தேக்கத்துத் தண்ணீரை வேண்டுமென்றே கெடுத்தால் அதே சட்டத்தின் 279ஆம் பிரிவு: 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

குப்பையை அகற்றவைப்பதுதான் நோக்கம் என்றால் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152ஆம் பிரிவில் அவர் அகற்றச் சொல்லி உத்தரவு போடலாம். வண்டி எண் தெரியும்படி ஒரு போட்டோவும், தேதி, நேரமும் மனுவோடு இருக்கட்டும்.