காட்டு நெல்லை வைத்து நல்ல நெல் ரகம் உருவாக்குவது எப்படி?

காட்டு நெல் என்பது குளம், சதுப்பு ஓரங்களில் தானாக முளைக்கும் நெல்லின் சொந்தக்காரப் புல். விளைச்சல் சொற்பம், முற்றினால் மணி உதிர்ந்துவிடும். ஆனால் யாரும் பராமரிக்காமலே பூச்சி, நோயோடு மல்லுக்கட்டிப் பிழைத்தது. நாம் மகசூலுக்காகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த நெல்லில் அந்தத் தெம்பு பல இடங்களில் விட்டுப்போனது.

1970களில் ஆசியாவில் புகையான் பூச்சி பரப்பிய புல்குட்டை வைரஸ் வயல்களை அழித்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிரக்கணக்கான நெல் வகைகளைச் சோதித்தது. தாக்குப்பிடித்தது உத்தரப் பிரதேசத்தின் ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்! அதைப் பயிர் நெல்லோடு மகரந்தம் சேர்த்து, பிறகு நல்ல ரகத்தோடு மீண்டும் மீண்டும் கலந்தார்கள். பழைய வீட்டை இடிக்கும்போது தேக்குக் கதவை மட்டும் புது வீட்டுக்கு எடுப்போமே, அப்படித்தான். 1976இல் வந்த ஐ.ஆர். 36 என்ற நெல் ரகத்தில் அந்தக் கதவு, அதாவது காட்டு நெல்லின் எதிர்ப்புச் சக்தி, இருக்கிறது.

இதை மரபணு மாற்றப் பயிர் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, இது மகரந்தம் சேர்த்துச் செய்த சாதாரணக் கலப்புதான்.