எந்தப் பாட்டைக் கொண்டு போவது? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

இசை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எனக்கு 54 வயது, கோவையில் ஒரு மில்லில் வேலை. பையன் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டான். இருபது வருடமாகத் தள்ளிப்போட்ட ஆசை ஒன்று உண்டு. நல்ல ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கி, உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும். மூன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். அறை 12-க்கு 14 அடி.

போன வாரம் ஒரு ஷோரூமுக்குப் போனேன். பென் டிரைவில் எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளும் என் அப்பா விரும்பிக் கேட்ட சில கச்சேரிகளும் இருந்தன. “சார், இதெல்லாம் பழைய ரெக்கார்டிங். இதைப் போட்டா சிஸ்டத்தோட தரம் தெரியாது” என்று சொல்லிவிட்டு அவர்களே ஓர் ஆங்கிலப் பாட்டைப் போட்டார்கள். பிரமாதமாக இருந்தது. ஆனால் எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. எதை வைத்து நல்லது கெட்டது சொல்வது? என் பென் டிரைவை நீட்டவே பிறகு கூச்சமாகப் போய்விட்டது. சோதித்துப் பார்க்கப் பத்து ரெக்கார்டிங் சொல்ல முடியுமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கூச்சப்பட்டீர்கள் என்பதுதான் என்னை வருத்தியது. தெரியாத பாட்டைக் கேட்டு மூன்றரை லட்சத்துக்கு ஒருவர் எப்படி முடிவெடுப்பார்? அடுத்த முறையும் அதே பென் டிரைவை எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே இன்னும் இரண்டு மூன்று பதிவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், போதும். பத்து வேண்டாம். பத்தையும் கேட்டு முடிப்பதற்குள் காது களைத்துவிடும்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் அப்படியொரு கடையில் உட்கார்ந்திருந்தேன். ஈகிள்ஸ் குழு 1994-இல் மேடையில் வாசித்த ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வைப் போட்டார்கள். உலகம் முழுக்க ஆடியோ கடைகளில் ஓடும் பதிவு அது. கித்தார் தந்தி ஒவ்வொன்றும் துலங்கியது, கூட்டத்தின் ஆரவாரம் சுற்றிலும் பரவியது, பிறகு அந்தத் தாள அடி வந்து விழுந்தபோது நெஞ்சு அதிர்ந்தது. அன்றைக்கே பணம் கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து நான் முதலில் போட்டது ஒரு கச்சேரி. மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தது.

மிருதங்கத்தில் இடது பக்கத்துத் தொப்பியைத் தட்டிவிட்டு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தி நகர்த்துவார்கள். ஒலி கீழேயிருந்து மேலே வழுக்கிக்கொண்டு ஏறும், புறா குமுறுகிற மாதிரி. கும்கி என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், அந்த வழுக்கல் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டிவிடலாம். என் புது ஸ்பீக்கரில் அந்தக் கோடே இல்லை. எப்படித் தட்டினாலும் ‘தும், தும்’ என்று ஒரே சுருதியில் வீங்கிய சத்தம். ரெக்கார்டிங் சரியில்லை என்று நினைத்தேன், வித்வானுக்கு அன்று கை சரியில்லை என்றுகூட நினைத்தேன். மூன்று மாதம் கழித்து நண்பர் ஒருவர் வீட்டில், என் ஸ்பீக்கரில் பாதி விலைகூட இல்லாத ஒரு சிறிய பெட்டியில், அதே பதிவில் கும்கி முழுசாக ஏறி இறங்கியது. அந்த வித்வானிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

ஷோரூம் பதிவுகளில் பெரும்பாலானவை எந்தப் பெட்டியில் போட்டாலும் நன்றாகவே ஒலிக்கும். நாலைந்து வாத்தியம், நடுவே நிறைய இடைவெளி, பளிச்சென்ற மேல்ஒலி, அவ்வப்போது ஒரு கனமான அடி. ஸ்பீக்கரின் குறை அதில் ஒளிந்துகொள்ளும். கனடாவைச் சேர்ந்த ஒலியியல் ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல் இதற்கு ‘குழப்ப வட்டம்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். ஸ்டுடியோவில் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் கேட்டுத்தான் ஒலிப்பதிவைச் சரிசெய்கிறார்கள், பிறகு அந்த ஒலிப்பதிவைப் போட்டுத்தான் இன்னொரு ஸ்பீக்கரை எடைபோடுகிறோம். அளவுகோலும் அளக்கப்படுவதும் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன. இந்த வட்டத்திலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஸ்பீக்கர் இல்லாமலேயே உங்கள் காதுக்கு நன்றாகப் பழகிய ஒலியைக் கொண்டு போவது.

உங்கள் அப்பாவின் கச்சேரிகள் இதற்கு எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். கும்கியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பாஸ், அதாவது கனத்த கீழ்ஒலியைச் சோதிக்க அதைவிட நல்லது எனக்குத் தெரியாது, ஏனென்றால் அது ஒரு அடியோடு நிற்காமல் நகர்கிறது. ஸ்பீக்கர் ஓரிடத்தில் மட்டும் வீங்கினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நேரடிப் பதிவு என்றால் இன்னொன்றும் கிடைக்கும். தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பியிருப்பார்கள். கச்சேரி போகப்போக அது காயும், காயக்காய ஒலி மெலிந்து சுருதி ஏறும். முதல் உருப்படியில் இருக்கும் தொப்பியும் தனியில் இருக்கும் தொப்பியும் ஒன்றல்ல. நல்ல சிஸ்டத்தில் இந்த வித்தியாசம் தேடாமலேயே காதில் விழும்.

அடுத்தது தம்புரா. தந்தியைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே செருகும் ஜீவாளி நூலால் ஒவ்வொரு தந்தியும் ஒரு கொத்து ஒலியாக விரிகிறது. சி. வி. ராமன் 1921-இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மந்தர ஷட்ஜத்தை (கீழ் ‘ஸ’வை) மீட்டியதும் அதன் மேல் அந்தர காந்தாரம் (ஒரு ‘க’) தானாக எழும், யாரும் அதை மீட்டுவதில்லை. பாடகர் வாய் திறப்பதற்கு முன் இருக்கும் அந்த அரை நிமிடத்தைப் போட்டுக் கேளுங்கள். ட்ரெபிளை, அதாவது மேல்ஒலியைத் தூக்கிவைத்த ஸ்பீக்கரில் இது கொசு ரீங்காரமாகும், மந்தமான ஸ்பீக்கரில் வெறும் ‘உம்’ ஆகும். நிஜத் தம்புரா இருக்கும் பதிவாகத் தேர்ந்தெடுங்கள். எலக்ட்ரானிக் பெட்டியின் ஒலி இந்தச் சோதனைக்கு உதவாது.

நாகஸ்வரம் வேண்டுமா என்றால், கவனமாகத்தான். அதன் சத்தத்தை மைக்கே தாங்காமல் பிளந்துபோன பதிவுகள் நிறைய உண்டு. பழி ஸ்பீக்கர் மேல் விழுந்துவிடும்.

எல்லாவற்றையும்விடக் கறாரான சோதனை மனிதக் குரல். ஜெர்மனியில், ஒலிக் கோப்பைச் சுருக்கும் எம்பி3 முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா பக்கவாத்தியமே இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாட்டைத் தன் முறையில் சுருக்கிப் பார்த்தார். அதுவரை மற்ற இசைக்கெல்லாம் சரியாக வந்த கணக்கு அந்த ஒற்றைக் குரலிடம் தோற்றது. குரல் கெடாமல் வரும்வரை அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுத் திருத்தினார்கள். பிபிசி பொறியாளர்கள் ஸ்பீக்கர் வடிவமைத்த காலத்தில் ஒருவரைப் பேசவிட்டு, அவருடைய நேர்க்குரலையும் ஸ்பீக்கரில் வரும் குரலையும் மாற்றிமாற்றிக் கேட்டார்கள்.

நீங்களும் இதைச் செய்யலாம். யாரிடமாவது ஒரு சிறிய ரெக்கார்டர் இரவல் வாங்கி, எதிரொலி இல்லாத மொட்டை மாடியில் உங்கள் பையனை ஒரு பக்கம் செய்தித்தாள் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஃபோனில் வேண்டாம், அது குரலைத் தன் போக்கில் திருத்திவிடும். கடையில் அதைப் போடும்போது பையன் பானைக்குள்ளிருந்து பேசுகிறானா, மூக்கால் பேசுகிறானா, ‘ச’வும் ‘ஸ’வும் காதைக் கீறுகின்றனவா என்று பத்து விநாடியில் சொல்லிவிடுவீர்கள். அந்தக் குரலைப் பற்றி விற்பனையாளர் உங்களுக்குப் பாடம் எடுக்க முடியாது. எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை.

வெளியிலிருந்து ஒன்றே ஒன்று சொல்கிறேன். ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ என்ற இசைத்தொகுப்பு. விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையும் ரை கூடரின் கித்தாரும் சேர்ந்தது. 1992-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு சிற்றாலயத்தில் பதிவானது, 1994-இல் கிராமி பெற்றது. பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். வாத்தியத்துக்கொரு மைக் வைத்துப் பிறகு கலக்குவது அவர் வழியல்ல. ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயர் 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறைப்படி, ஒரே இடத்தில் குறுக்காக வைத்த இரண்டு மைக்குகளில் அந்த அறையையே பிடித்தார். ஸ்டுடியோ பாட்டில் ஒரு வாத்தியம் இடது பக்கம் கேட்கிறதென்றால் பொறியாளர் ஒரு திருகைத் திருப்பியிருக்கிறார். இங்கே அந்த மனிதர் நிஜமாகவே அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு தந்தி வாத்தியங்களுக்கும் நடுவே தபேலா எவ்வளவு தள்ளி இருக்கிறது, ஒரு மீட்டல் அடங்கும்போது ஆலயத்துச் சுவர் என்ன பதில் தருகிறது என்று கேளுங்கள். இட உணர்வைச் சோதிக்க இப்படிப்பட்ட பதிவுதான் நியாயமானது.

இனி இளையராஜா. எண்பதுகளின் பாட்டுகளை நீங்கள் கொண்டு போகத்தான் வேண்டும், ஏனென்றால் வீட்டில் நீங்கள் கேட்கப்போவது அவற்றைத்தான். அவற்றைக் கேட்கவே முடியாதபடி கூர்மையாக்கும் ஸ்பீக்கர், வேறு எதில் சிறந்ததாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. ஒரே பாட்டில் பேஸ் கித்தாரை மட்டும் பல்லவியிலிருந்து கடைசிச் சரணம்வரை பின்தொடர முடிகிறதா என்று பாருங்கள். வயலின்கள் அடுக்கடுக்காக எழும்போது அது தொலைந்துபோகக் கூடாது. வயலின் அடுக்குக்கென்றே ஒன்று வேண்டுமானால் 1986-இல் வந்த அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் ‘ரீமாஸ்டர்’ என்று கிடைப்பவற்றில் பல, எதிரொலியைக் கூட்டி, மெல்லிய இடத்தையும் பலத்த இடத்தையும் ஒரே உயரத்துக்கு நசுக்கியவை. பழைய சிடி கிடைத்தால் அதிலிருந்து நேராக எடுங்கள். சிடியின் ஒலித்தரமே (44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்) உங்களுக்குத் தாராளமாகப் போதும்.

கடையில் சத்தத்தைக் கவனியுங்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும். சத்தம் குறைந்தால் நம் காதுக்கு பாஸ் முதலில் குறையும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். ஃபோனில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு இரண்டையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் எது ஓடுகிறது என்று தெரியாமல், கண்ணை மூடிக் கேளுங்கள். டூலும் அவருடன் பணியாற்றிய ஷான் ஆலிவும் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்துச் சோதித்தபோது, கண்ணால் பார்த்துப் போட்ட மதிப்பெண்கள் மாறிப்போயின.

கடைசியாக உங்கள் அறை. 14 அடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் அருகிலும் அதன் இரட்டிப்பான 80-இலும், 12 அடிக்கு 47-இலும் 94-இலும் சுவருக்குச் சுவர் அலை நின்று அதிரும், அந்தச் சுருதிகள் மட்டும் வீங்கிக் கேட்கும். தொப்பியின் ஒலி நடமாடும் இடம் அதை ஒட்டித்தான். என் ஸ்பீக்கரின் பாதிக் குற்றம் இதுவாக இருந்தது. மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்ததும் பாதி கும்கி திரும்பி வந்தது. மிச்சப் பாதி வரவேயில்லை. அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன், இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்கத் தருவார்களா என்று கேளுங்கள். சில கடைகளில் கேட்டால் தருவார்கள்.

உங்கள் அப்பாவின் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் வெட்டாமல் முழுசாக இருக்கும் ஒன்றை எடுத்து, கடைக்குப் போனதும் அதையே முதலில் போடச் சொல்லுங்கள். கும்கி எப்படிக் கேட்டது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.