உஸூலுல் ஃபிக்ஹில் (இஸ்லாமியச் சட்டத்தை வருவிக்கும் முறையியலில்) தாராளவாத அணுகுமுறை என்றால் என்ன?

மார்க்கச் சட்டங்களைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்வதுதான் தாராளவாதமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியல்ல. விவாதத்தின் மையம் சட்டத்தை வருவிக்கும் முறைதான். கி.பி. 820இல் மறைந்த சட்ட அறிஞர் இமாம் ஷாஃபிஈ வகுத்த குர்ஆன், சுன்னா (நபிவழி), இஜ்மா (அறிஞர்களின் ஒருமித்த கருத்து), கியாஸ் (ஒப்புநோக்கி முடிவெடுத்தல்) என்னும் சட்ட மூலங்களின் வரிசையைத் தாராளவாதிகளில் பலர் மறுப்பதில்லை. வசனத்தின் சொல்லுக்கு எவ்வளவு எடை, அதன் நோக்கத்துக்கு எவ்வளவு எடை என்பதில்தான் வேறுபடுகிறார்கள்.

பாகிஸ்தானிய அறிஞர் ஃபஸ்லுர் ரஹ்மான் (1919–1988) இதை இருவழிப் பயணமாக விளக்கினார்: இன்றிலிருந்து வசனம் அருளப்பட்ட சூழலுக்குச் சென்று பொது நெறியைக் கண்டறிய வேண்டும், பிறகு அந்நெறியுடன் இன்றைய சூழலுக்குத் திரும்ப வேண்டும்.

துனிசியாவைப் பாருங்கள். 1956இல் அந்நாடு பலதார மணத்தைத் தடை செய்தபோது, நீதமாக நடக்க முடியாதென அஞ்சினால் ஒருத்தியை மட்டும் மணக்கச் சொல்லும் குர்ஆனின் 4:3 (4ஆம் அத்தியாயம், 3ஆம் வசனம்) வசனத்தையும், மனைவியரிடையே நீதமாக நடக்க உங்களால் ஒருபோதும் இயலாது என்னும் 4:129 வசனத்தையும் சேர்த்து வாசித்து அதற்கு நியாயம் கூறப்பட்டது. ஆனால் 4:129 அத்துடன் முடியவில்லை. ஒருத்தியின் பக்கமே முழுதும் சாய்ந்துவிடாதீர்கள் என்று தொடர்வதால், அது பலதார மணத்தை அனுமதித்தே பேசுகிறது என்று மரபு உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) மறுக்கிறார்கள். இந்த மறுப்பு வலுவானது. நோக்கத்தை முன்வைப்பவர்கள் இதை நேர்மையாக எதிர்கொண்டாக வேண்டும் என்றே கருதுகிறேன்.

இது முற்றிலும் நவீனச் சிந்தனையுமன்று. 1316இல் மறைந்த ஹன்பலி (சுன்னி சட்டப் பள்ளிகளில் ஒன்று) அறிஞர் நஜ்முத்தீன் தூஃபி, வணக்க வழிபாடுகளை விலக்கிவிட்டு, கொடுக்கல் வாங்கல் போன்ற உலக விவகாரங்களில் பொதுநலனுக்கே முதலிடம் தர வேண்டும் என்று அன்றே வாதிட்டிருந்தார்.