தண்டனை ரொம்பக் குறைவு, நான் அப்பீல் போகலாமா?

கேள்வி: 2021-ல் லாரி மோதி என் தம்பி இறந்துவிட்டான். மூன்று வாரத்துக்கு முன் மாஜிஸ்திரேட் கோர்ட் டிரைவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டு, கோர்ட் கலையும் வரை சிறை, 5,000 ரூபாய் அபராதம் என்று முடித்துவிட்டது. நான் அப்பீல் போகலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. சாயங்காலம் வரை கோர்ட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், அந்தத் தண்டனை அவ்வளவுதான். இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ பிரிவில் (கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்துவது) இரண்டு வருடம் வரை கொடுத்திருக்கலாம்.

ஆனால் உங்கள் பெயரில் அப்பீல் போட முடியாது. விடுதலை செய்தாலோ, சின்னக் குற்றத்துக்கு மட்டும் தண்டித்தாலோ, இழப்பீடு போதாவிட்டாலோதான் பாதிக்கப்பட்டவர் போகலாம் என்கிறது பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 413-வது பிரிவு (பழைய சட்டத்தில் 372). தண்டனை குறைவு என்பது அதில் இல்லை, 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. இது அநியாயம், திருத்தப்பட வேண்டிய சட்டம் என்பது என் கருத்து.

அந்த உரிமை அரசுக்கு இருக்கிறது, பிரிவு 418 (பழைய 377). மாஜிஸ்திரேட் தீர்ப்பு என்பதால் செஷன்ஸ் கோர்ட்டில் 30 நாளுக்குள் போட வேண்டும், அதனால் நாளைக்கே தீர்ப்பு நகலுக்கு மனுப் போடுங்கள், வழக்கை நடத்திய அரசு உதவி வழக்கறிஞரைப் பார்த்து, அப்பீல் போடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், எஸ்.பி., கலெக்டர், குற்ற வழக்கு தொடர்வுத் துறைக்கும் ஒரு பிரதி அனுப்பி ரசீதைப் பத்திரமா வையுங்கள். வேகம், சாட்சி சொன்னது, மாஜிஸ்திரேட் எந்தக் காரணத்துக்காக இரக்கம் காட்டினார் என்பதையெல்லாம் அதில் எழுதுங்கள், வெறும் ஆதங்கம் போதாது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அரசு அப்பீல் வந்தால் டிரைவரும் அதிலேயே தன்னை விடுவிக்கச் சொல்லி வாதாடலாம்.

அரசு அசையாவிட்டால்? நீங்களே சீராய்வு மனு, அதாவது ரிவிஷன் போடலாம், 90 நாள் அவகாசம். செஷன்ஸ் கோர்ட்டா ஹைகோர்ட்டா என்று யோசித்து முடிவெடுங்கள், ஒன்றில் போட்டால் நீங்கள் இன்னொன்றுக்குப் போக முடியாது. டிரைவர் தரப்பைக் கேட்டுவிட்டுத் தண்டனையைக் கூட்ட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

நஷ்டஈடு வாங்கியாச்சே என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் சொல்வார், பயப்படாதீர்கள். பஞ்சாபில் இதே 304-ஏ வழக்கு ஒன்றில் ஒரு வருடத் தண்டனையை ஹைகோர்ட், நஷ்டஈடு கொடுத்ததையும் கணக்கில் எடுத்து, டிரைவர் ஏற்கெனவே உள்ளே இருந்த 24 நாளோடு முடித்தது. பஞ்சாப் அரசு மேலே போனது, 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆறு மாதமாக்கியது. அந்தத் தீர்ப்பின் நகலையும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.