நாக்கு நரம்புக்கு ஒரு பேஸ்மேக்கர்

கேள்வி: கணவருக்கு வயது 51, லாரி ஓட்டுகிறார். தூக்கப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ. 38 என்று வந்தது. மாஸ்க் வழியே காற்றை ஊதி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சீபேப் மெஷினை மூன்றே வாரத்தில் பரணில் ஏற்றிவிட்டார். நெஞ்சில் பேஸ்மேக்கர் மாதிரி ஒன்றை வைத்தால் போதும் என்கிறார்களே, செய்யலாமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: 38 என்றால் தூங்கும் ஒவ்வொரு மணிக்கும் 38 தடவை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 நொடி. 30-ஐத் தொட்டாலே தீவிரத் தூக்க மூச்சுத்தடை (ஸ்லீப் ஆப்னியா). சிகிச்சை சரியாக அமையும்வரை தொப்பூர் கணவாயில் ராத்திரி லோடு ஓட்ட அவரை அனுப்பாதீர்கள்.

அடுத்து, பரணிலிருந்து மெஷினை இறக்குங்கள். அவர் எத்தனை மணி நேரம் மாட்டினார், காற்று எவ்வளவு கசிந்தது என்பதெல்லாம் அதிலேயே பதிவாகியிருக்கும். பெரும்பாலும் மாஸ்க் அளவு தப்பாக இருக்கும். அல்லது வாய் திறந்து காற்று ஓடும். அதற்கு வாயையும் மூடும் மாஸ்க் உண்டு. சிலிகான் விளிம்பைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால் முகத்து எண்ணெய் படிந்து வழுக்கும். ஈரப்பதத் தொட்டியில் நம் பக்கத்து போர் தண்ணீரை ஊற்றினால் சில நாளிலேயே வெள்ளையாகக் காறை கட்டும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். இதையெல்லாம் சரிசெய்தும் முடியாதவருக்குத்தான் ஆபரேஷன்.

அதிலும் ஒரு வடிகட்டல் உண்டு. மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியே கேமரா விட்டுத் தொண்டை எப்படி அடைக்கிறது என்று பார்ப்பார்கள். மேலண்ணம் முன்னும் பின்னுமாக ஒட்டினால் பலன் எதிர்பார்க்கலாம். சுருக்குப்பையின் வாய்போல எல்லாப் பக்கமும் சுருங்கினால், இப்போது அதிகம் புழங்கும், ஒரு பக்க நரம்பை மட்டும் தூண்டும் கருவி அவருக்கு ஆகாது. இந்தச் சோதனை இல்லாமலே தேதி குறிக்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வலது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் பேட்டரிப் பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர் தாடைக்கடியில் போய், நாக்கை அசைக்கும் 12-ஆவது மண்டை நரம்பின் கிளையைச் சுற்றிக்கொள்ளும். மூச்சு இழுக்கும் நேரம் பார்த்து மின்துடிப்பு போகும். பின்னால் சரியும் அடிநாக்கு முன்னே நகர்ந்து வழிவிடும். அமெரிக்காவில் 2014-இல் அனுமதி கிடைத்தது. அதற்கு ஆதாரமான 126 பேர் ஆய்வில், ஓராண்டில் ஏ.எச்.ஐ.யின் நடுமதிப்பு 29.3-இலிருந்து 9-க்கு இறங்கியது. ஆனால் மூவரில் ஒருவருக்கு எதிர்பார்த்த அளவு பலன் இல்லை.

கேள்வி: வைத்த அன்றே குறட்டை நிற்குமா? ராத்திரி முழுக்க ஷாக் அடிக்காதா?
— வாசகர், ஓசூர்

பதில்: அன்று கருவியை ஆன் செய்யவே மாட்டார்கள். புண் ஆற ஒரு மாதம் விட்டுத்தான் தொடக்கம். படுக்கும்போது ரிமோட்டில் ஆன். தூக்கம் பிடித்த பிறகு, அரைமணி போல் கழித்து, துடிப்பு தானாக ஆரம்பிக்கும். எழுந்ததும் ஆஃப். ஷாக் இல்லை, யாரோ நாக்கை மெல்லத் தள்ளுவதுபோல் இருக்கும். அளவைச் சில நாளுக்கு ஒரு படியாகக் கூட்டிக்கொண்டே போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி தூக்கப் பரிசோதனையில் வைத்து நிலைப்படுத்துவார்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக ஏற்றினால் தூக்கம் கலையும். கீழ்ப்பல்லில் உரசி நாக்கு புண்ணாவதும் உண்டு. பல்லுக்கு உறை போடலாம், மின்முனை அமைப்பையும் மாற்றலாம். பேட்டரி சுமார் 10 வருஷம் வரும். ஸ்கேன் எடுக்கப் போனால் கருவி இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், எல்லா எம்.ஆர்.ஐ.யும் எல்லா மாடலுக்கும் ஒத்துவராது.

கேள்வி: எடை 104 கிலோ, உயரம் 165 செ.மீ. எனக்குப் பொருந்துமா?
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: உங்கள் பி.எம்.ஐ. 38. மேலே சொன்ன ஆய்வில் 32-க்கு மேல் சேர்க்கவே இல்லை. 2023-இல் அமெரிக்காவில் வரம்பை 40 வரை தளர்த்தினார்கள் என்பது நிஜம். ஆனால் எடை ஏற ஏற அந்தச் சுருக்குப்பை அடைப்புக்கு வாய்ப்பு கூடும். முதலில் 10 கிலோ இறக்கிவிட்டு, பிறகு தூக்கப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதுவரை சீபேப்பை விடாதீர்கள்.